மாலையும் மன்னிப்பும்

மேலூரை அடுத்த மேலவளவில் ஒரு நினைவிடம் இருக்கிறது. விடுதலைக் களம் என்று பெயர். ஆண்டுதோறும் ஜூன் 30 அன்று அங்கே மாலைகள் குவியும். 1997-இல் அதே நாளில் வெட்டிக் கொல்லப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசனுக்கும் உடன் மாண்டவர்களுக்கும் செலுத்தப்படும் வீரவணக்கம் அது. அந்தக் கொலைகளுக்காக 17 பேர் ஆயுள் தண்டனை பெற்றார்கள். அண்ணா நூற்றாண்டை ஒட்டி 2008-இல் மூவரும், எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 2019 நவம்பரில் 13 பேரும் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள். ஒரு தலைவரின் பிறந்தநாளுக்கு இன்னொரு தலைவரின் கொலை வழக்கைக் காணிக்கையாக்கலாமா? கூடாது என்பதே அறத்தின் விடை.

ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதை ஆதிக்க சாதியினர் பொறுக்கவில்லை. மிரட்டலாலும் வன்முறையாலும் தடைபட்ட தேர்தல், 1996 டிசம்பர் 31-இல்தான் நடந்து முடிந்தது. வென்றவரால் நாற்காலியில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. ஆறே மாதத்தில், எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு மதுரை கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பியவர்களைப் பட்டப்பகலில் வழிமறித்து வெட்டினார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்துக் கிணற்றில் எறிந்தார்கள். உயிரை எடுக்க ஒரு வெட்டு போதும். தலையை எடுத்தது, இனி எவனும் அந்த நாற்காலிக்கு ஆசைப்படக் கூடாது என்று ஊருக்கே எழுதிய ஓலை.

சிறை என்பது திருத்துவதற்கே, ஆயுள் கைதிக்கும் பெண்டு பிள்ளைகள் உண்டு என்பார்கள். மெய்தான். வள்ளுவரும் பொறுமையைப் போற்றியவரே. ஆனால் பொறையுடைமையை அவர் வைத்தது இல்லறவியலில்; செங்கோன்மையை வைத்தது அரசியலில். தனக்குப் பட்ட காயத்தைத் தான் பொறுப்பது மேன்மை. பிறருக்குப் பட்டதை அவர்கள் சார்பில் அரசே பொறுத்துக்கொள்வது எந்த அறத்தில் சேரும்? கொடியவரை ஒறுப்பதைக் களையெடுப்போடு ஒப்பிடுகிறது குறள். பாதியில் விட்ட களை பயிரை முந்தி வளரும் என்பது மேலூர் வயல்களில் நாற்று நட்ட எவருக்கும் தெரியும்.

செங்கோலுக்குப் பேர்போன மண் மதுரை. பிழைபட்ட தீர்ப்புக்கு உயிரையே ஈடு தந்தான் நெடுஞ்செழியன். தன் கையையே வெட்டிக்கொண்டான் பொற்கைப் பாண்டியன். சோழநாட்டு மனுவோ பெற்ற மகனையும் தேர்க்காலில் இட்டான். நீதிக்கான விலையை இவர்கள் தம் வீட்டிலிருந்து கொடுத்தார்கள். ஏழை வீட்டிலிருந்து எடுக்கவில்லை.

கடல் கடந்தும் பார்க்கலாம். நிறவெறியை எதிர்த்த ஸ்டீவ் பிக்கோ, 1977-இல் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தார். அவர் வளர்ந்த கின்ஸ்பெர்க்கில் இன்று அவர் பெயரால் ஒரு பண்பாட்டு மையம் நிற்கிறது. மன்னிப்பையே கொள்கையாக வரித்துக்கொண்ட நாடு தென்னாப்பிரிக்கா. அங்கேயும் பிக்கோ வழக்கில் போலீஸார் பொதுமன்னிப்புக் கேட்டபோது, முழு உண்மையைச் சொல்லவில்லை என்று 1999-இல் மறுத்துவிட்டது உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம். அங்கே மன்னிப்புக்கு விலை உண்மை. இங்கே ஒரு நூற்றாண்டு விழா.

நினைவிடங்கள் எழட்டும், மாலைகளும் விழட்டும். ஆனால் ஒரு கையால் மாலை போட்டு மறு கையால் சிறைக் கதவைத் திறக்கும் அரசு, இறந்தவரை இன்னொரு முறை வெட்டுகிறது. நாளை இன்னொரு தலைவருக்கு நூற்றாண்டு வரும். இன்னொரு விடுதலைப் பட்டியலும் மேசைக்கு வரும். கையெழுத்திடும் முன் ஆள்வோர் ஒருமுறை மதுரையிலிருந்து மேலவளவுக்குப் பேருந்தில் போய்வரட்டும்.