கூலி கேளாத மண்வெட்டி

"கூலி எவ்வளவுங்க?" என்று கேட்டார் அவர்.

சோமனூர்க் கடைவீதியில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து நான் கதை அளந்துகொண்டிருந்தேன். கதை எழுதுகிறவனுக்கு அது ஒரு வியாதி. எதிரே இருந்தவர் விசைத்தறி ஓட்டுகிறவர். முப்பது வருஷம் தறிச் சத்தத்துக்குள்ளேயே இருந்தவர் ஆகையால் சற்று உரக்கத்தான் பேசுவார். மான்செஸ்டர் நகரத்தில் சாக்கடையாகிப் போன ஒரு பழைய கால்வாயைச் சுத்தம் செய்ய அறுநூறு பேர் தாமாக வந்து சேற்றில் இறங்கினார்கள் என்று நான் சொன்னதும்தான் இந்தக் கேள்வி பிறந்தது.

"கூலி ஏதும் கிடையாது. அவர்களாக வந்து செய்தார்கள்" என்றேன்.

"சோறு?"

"அவரவர் கொண்டுவந்திருப்பார்கள்."

அவர் டீயைக் குடித்து முடித்து, கிளாஸில் மிஞ்சிய சொட்டை மண்ணில் உதறினார். "சும்மா வேலை செய்யறதுக்கும் ஒரு வசதி வேணுமுங்க" என்று சொல்லிவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போய்விட்டார்.

அவர் என்னை மடக்குவதற்காக அதைச் சொல்லவில்லை. ஆனால் நான் மடங்கித்தான் போனேன். ஒரு வாரம் வரையில் அந்த வார்த்தை என்னைத் துரத்திக்கொண்டே இருந்தது.

நாம் கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். அந்த அசல் மான்செஸ்டர் என்ன ஆயிற்று என்று யாரும் விசாரிப்பதில்லை. உலகத்துக்கெல்லாம் துணி நெய்து கொடுத்த அந்தச் சீமையின் ஆலைகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. ஆலைகளுக்கு நிலக்கரியும் சரக்கும் கொண்டுவந்த கால்வாய்கள் அதற்கு முன்பே ரயிலிடமும் லாரியிடமும் தோற்றுப்போயிருந்தன. 1790களில் வெட்டிய ஆஷ்டன் கால்வாயில் 1960களில் படகு போகவில்லை. பழைய கட்டிலும் சைக்கிளும் செங்கல்லும் கிடந்தன. அதைத் தூர்த்துவிடுவதே புத்திசாலித்தனம் என்று பேச்சு நடந்தது. அந்த வேளையில், 1968 செப்டம்பரில், ஒரு சனி ஞாயிறில் ஏறக்குறைய அறுநூறு பேர் பல ஊர்களிலிருந்து வந்து, இரண்டாயிரம் டன் குப்பையை வாரிப் போட்டார்கள். ஆறு வருஷம் கழித்து, 1974இல், அந்தக் கால்வாயில் மறுபடியும் படகு விட்டார்கள்.

அதே சீமையில், மெர்ஸி நதிக்கரையில் எல்ஸ்மியர் போர்ட் என்று ஓர் ஊர். அங்கே பாழடைந்து கிடந்த பழைய படகுத்துறையைத் தன்னார்வலர்கள் சேர்ந்து ஒழுங்கு செய்து, 1976இல் ஒரு படகுக் காட்சிசாலையாகத் திறந்தார்கள். ஏழடி அகலமும் எழுபதடி நீளமுமாக ஓடம் போன்ற ஒடுக்கமான சரக்குப் படகுகள் அங்கே இருக்கின்றன. ஒற்றைக் குதிரை கரையில் நடந்து கயிற்றால் இழுக்க, இருபத்தைந்து டன் சுமந்து போனவை.

காட்சிசாலை என்றால் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நாம் நினைப்போம். மரப் படகு அதற்கு இடம் கொடுப்பதில்லை. தண்ணீரைவிட்டு வெளியே எடுத்து வைத்தால் பலகை காய்ந்து சுருங்கி, இடுக்குகள் விரிந்துவிடும். பிறகு தண்ணீரில் இறக்கினால் ஒழுகும். தண்ணீரிலேயே விட்டாலோ மெல்ல மெல்ல உளுத்துப்போகும். ஆகவே வருஷா வருஷம் கரையேற்றி, உளுத்த பலகையை மாற்றி, இடுக்குகளில் பழைய கயிற்று நாரைத் திணித்து, மேலே தார் பூசி மறுபடி இறக்க வேண்டும். நம்முடைய கடற்கரைத் தச்சர்கள் இதைக் கலப்பற்று என்பார்கள். இதற்கு முடிவென்பதே இல்லை. காலப்போக்கில் பாதிப் பலகை புதிதாகிவிடும். அப்படியானால் அது அதே படகுதானா என்று தத்துவம் படித்தவர்கள் கேட்பார்கள். கிரேக்கர்கள் அந்தக் காலத்திலேயே கேட்டுவிட்டார்கள். என்னை அந்தக் கேள்வி அவ்வளவாகத் தொடவில்லை. பலகை மாறினாலும் பலகையைப் பொருத்துகிற கைப்பழக்கம் மாறாமல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறதே, அதைப் படகு என்று சொல்லிக்கொண்டால் போயிற்று.

எனக்குப் பட்ட கேள்வி வேறு. சரக்கு ஏற்றாத படகுக்கு எதற்காக இத்தனை பாடு? பயன் தீர்ந்த பொருளுக்கு நம்மிடம் கேட்க என்ன உரிமை இருக்கிறது?

இந்தக் கேள்வியை நான் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் சில வருஷங்களாகத் தறிகள் எடைக்குப் போகின்றன. கூலி கட்டுப்படியாகவில்லை என்று 2022இலும் 2025இலும் நாள்கணக்கில் தறிகளை நிறுத்திப் போராடினார்கள். போராட்டம் முடிந்த பிறகும் சில தறிக்குடோன்கள் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவருடைய குடோனில் தறிகளைக் கழற்றிய அன்று நான் போயிருந்தேன். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த தடம் இரும்புச் சட்டத்தில் இன்னும் இருந்தது. அதன்மேலேயே காஸ் வைத்து அறுத்தார்கள். கடைக்காரர் மரச் சாமான்களை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார். நாடாக்கள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. எத்தனையோ கை பட்டு வழவழவென்று ஆன மரம் அது. வெந்நீர் அடுப்புக்கு ஆகும் என்று யாரோ ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வந்தார். அவர்மேல் தப்பில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் பொரி கடலை வைத்துக் கும்பிடுகிற நாம், ஓட்டம் நின்ற மறுநாள் கிலோக் கணக்குப் பார்க்கிறோம். கடன் இருக்கிறவன் வேறென்ன செய்வான்?

ஆகையால் எல்ஸ்மியர் போர்ட்டில் படகுக்குத் தார் பூசுகிறவர்களைப் பார்த்து, "ஆகா, இவர்களல்லவா நன்றியுள்ளவர்கள்!" என்று கொண்டாட எனக்கு முதலில் மனம் வந்தது. பிறகுதான் சந்தேகம் தட்டிற்று.

அந்தப் படகுகளின் அறைக் கதவுகளில் ரோஜாப் பூவும் கோட்டையும் வரைந்திருப்பார்கள். பார்க்கக் கண் கொள்ளாது. ஆனால் அந்த அறைக்குள், ஏறக்குறைய பத்தடிக்கு ஏழடி இடத்தில், ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. ரயிலோடு போட்டி போட முடியாமல் வருமானம் விழுந்தபோது, கரையில் வீடு வைத்துக்கொள்ள வகையின்றி மனைவி மக்களைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். குழந்தைகள் குதிரையோடு நடந்தன. பள்ளிக்கூடம் போகவில்லை. இந்த அவலத்தைக் கண்டு அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். படகுகளைப் பதிவு செய்ய வேண்டும், இத்தனை பேருக்குமேல் ஓர் அறையில் இருக்கக் கூடாது என்று. அந்தச் சட்டம் பிறந்த வருஷம் 1877.

அந்த வருஷத்தைப் படித்ததும் என் மனம் சென்னைக்குப் போய்விட்டது. தாது வருஷப் பஞ்சம் நம் மாகாணத்தைச் சூறையாடிக்கொண்டிருந்த வருஷம் அது. பஞ்ச நிவாரண வேலை என்ற பெயரில் 1877, 78இல் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து ஒரு கால்வாய் வெட்டினார்கள். வடக்கேயும் தெற்கேயும் முன்பே வெட்டியிருந்த கால்வாய்களை அது ஒன்றாகச் சேர்த்தது. அப்போதைய கவர்னரின் பெயரால் அதற்குப் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர். பிறகு பல பத்தாண்டுகள் சென்னைக்கு விறகும் உப்பும் அரிசியும் கிளிஞ்சலும் அந்த வழியே படகில் வந்தன. இன்று நகரத்துக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் அந்தத் தண்ணீரிலேயே காலூன்றி நிற்கின்றன.

பஞ்ச வேலைகளில் கூலி என்ன தெரியுமா? 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி வந்து, இருந்த கூலியையும் குறைத்தார். உழைக்கிற ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓரணாக் காசு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு சில மாதம் கழித்து ஏதோ கொஞ்சம் கூட்டினார்கள்.

இப்போது இரண்டு மண்வெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1968இல் மான்செஸ்டரில் ஒருவன் சேற்றை வாரினான். 1877இல் சென்னையில் ஒருவன் மண்ணை வெட்டினான். குனிவது ஒன்றுதான், தூக்குவது ஒன்றுதான். முதலாமவன் கூலி வாங்கவில்லை என்று புகழ்கிறோம். இரண்டாமவனுக்குக் கிடைத்ததையும் கூலி என்று சொல்ல முடியாது. அப்படியிருக்க, பின்னவனுடைய பசியால் உண்டான ஒன்றை முன்னவன் தன் விடுமுறைப் பொழுதுபோக்காக ஆக்கிக்கொள்வது மரியாதையா, பரிகாசமா? தறிக்காரர் சொன்ன "வசதி" என்ற சொல்லின் முழுக் கனமும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

யோசித்து இதற்குப் பதில் காண என்னால் முடியவில்லை. உடம்பு கொஞ்சம் உதவி செய்தது.

நொய்யலிலிருந்து வெள்ளலூர்க் குளத்துக்குப் போகும் ராஜவாய்க்கால் தூர்ந்து, குளம் பல வருஷம் வறண்டு கிடந்தது. 2017இல் கோவைக் குளங்கள் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள் வாய்க்காலைத் தூர்வாரித் தண்ணீர் வரச் செய்தார்கள். பிறகு கரையில் மரம் வைத்தார்கள். இன்று அங்கே நூற்றுக்கு மேற்பட்ட வகை வண்ணத்துப்பூச்சிகளை எண்ணியிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு, எனக்கும் ஆசை பிறந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்து வாய்க்கால் ஒன்றில் நாலு பேரோடு மண்வெட்டியும் கையுமாக இறங்கினேன். பேனா பிடித்த கை. அரை மணியில் உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிட்டது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் திறமையைப் பார்க்கச் சகிக்காமல் இறங்கி வந்தார். "மம்பட்டிய ஓங்கி ஓங்கி வெட்டாதீங்க. தூக்கி விட்டாப் போதும், அது பாரத்துக்கு அதுவே உழுந்துக்கும்" என்று சொல்லி, வாங்கி நாலு வெட்டு வெட்டிக் காட்டினார். அவர் வெட்டினாற்போலவே தெரியவில்லை. மண் மட்டும் வந்தது.

இரண்டு மணி நேரத்தில் நான் வாரிய சேறு பதினெட்டுக் கூடை. எண்ணிக்கொண்டேதான் வாரினேன். வீட்டுக்கு வந்து மூன்று தட்டுச் சோறு தின்றேன். தின்னும்போது அந்த ஒரு பவுண்டு தானியம் ஞாபகம் வந்தது. தாது வருஷத்தைப்பற்றி நான் எத்தனையோ படித்திருக்கிறேன்; ஒரு நாவலில் ஓர் அத்தியாயம்கூட எழுதியிருக்கிறேன். அந்த அத்தியாயத்தில் பசி இருந்தது, கண்ணீர் இருந்தது. கூடையின் கனம் இல்லை. இப்போது எழுதினால் வேறு மாதிரி எழுதுவேன்.

அதனால் அந்தக் கடன் தீர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. செத்தவனுக்குக் கூலி கொடுக்க யாராலும் ஆகாது. அவன் பட்டது இன்னதென்று தெரிந்துகொள்வதற்கு, அவன் செய்ததைக் கொஞ்ச நேரம் செய்து பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த மட்டில் எல்ஸ்மியர் போர்ட்டின் தார்ச் சட்டியை நான் ஒப்புக்கொள்கிறேன். ரோஜாப்பூவை ரசித்துவிட்டுப் போகிற பார்வையாளனைவிட, இடுக்கில் நார் திணித்து விரல் காய்த்தவன் அந்தப் படகுக் குடும்பத்துக்குச் சற்று நெருங்கியவன்.

ஆனாலும் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. எனக்குக் கை வலித்தபோது மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வர முடிந்தது. அவனால் முடியவில்லை. தன்னார்வம் என்பதெல்லாம் இந்த "முடியும்" என்பதில்தான் இருக்கிறது. அதை நான் சம்பாதிக்கவில்லை, எனக்கு வாய்த்தது. வாய்த்ததைப் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொண்டால் அது பொய்க் கணக்கு.

நம் பக்கத்தில் காலிங்கராயன் கதை எல்லோருக்கும் தெரியும். எழுநூறு வருஷங்களுக்கு முன் பவானியில் அணை கட்டி, ஈரோட்டு வழியாக நொய்யல் வரைக்கும் வாய்க்கால் வெட்டிய மனிதர். தன் நிலத்துக்காக வெட்டினார் என்று ஒரு பேச்சு வந்ததாம். அந்தத் தண்ணீர் தனக்கும் தன் வம்சத்துக்கும் வேண்டாமென்று பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் போய்விட்டார் என்பார்கள். பெரிய மனம்தான். ஆனால் அந்தக் கதையில் மண் சுமந்தவர்களைப்பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவர்களும் தண்ணீர் வேண்டாமென்று போனார்களா என்ன? துறப்பதற்கும் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

இன்னொரு பயமும் உண்டு. சும்மா செய்ய ஆள் இருக்கிறது என்று தெரிந்தால், கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டியவர்கள் கையைக் கட்டிக்கொள்வார்கள். வாய்க்காலைத் தூர்வாருவது சர்க்காரின் கடமை. படகைச் செப்பனிடத் தெரிந்த தச்சனுக்கு அது பிழைப்பு. நம்முடைய அன்பு அவனுடைய அடுப்பை அணைக்குமானால் அந்த அன்பு நமக்கு வேண்டாம்.

தறிகளைக் கழற்றினார் என்று சொன்னேனே, அந்த நண்பர் பன்னிரண்டில் ஒன்றை மட்டும் எனக்காக விட்டுவைத்தார். பையன்கள் பார்க்கட்டும் என்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில்தான். நாலு மாதம் சும்மா நின்றதில் துரு ஏறத் தொடங்கிவிட்டது. படகுக்குத் தண்ணீர் எப்படியோ அப்படித் தறிக்கு ஓட்டம். வாரம் ஒரு முறையாவது ஓட்ட வேண்டும். டீக்கடைத் தறிக்காரரிடமே போய், "ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் வர முடியுமா?" என்று கேட்டேன்.

"கூலி எவ்வளவுங்க?" என்றார்.

இந்தத் தடவை சொல்வதற்கு என்னிடம் பதில் இருந்தது. அரை நாள் கூலி என்று பேசி முடித்தோம். நானும் இன்னும் இரண்டு பேரும் பங்கு போட்டுக் கொடுக்கிறோம். நூலுக்கும் கரண்டுக்கும் ஆகிற செலவு வேறு. போன ஞாயிற்றுக்கிழமை பாவு நாலு இடத்தில் அறுந்தது. அவர் குனிந்து ஒவ்வோர் இழையாகத் தேடி எடுத்து முடிந்துகொண்டிருந்தார். நான் எண்ணெய்க் குப்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எனக்குக் கூலி கிடையாது.