சேர்த்துக்கொண்டவர்களின் கடன்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டத்துக்கோ முனைவர் பட்டத்துக்கோ படிப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே எல்லைக்கோடுதான்: 4.0க்கு 3.0 என்ற மதிப்பெண் சராசரி (ஜிபிஏ). இளநிலை மாணவரிடம் 2.0 ஜிபிஏ இருந்தால் போதும் என்று விடும் அதே பல்கலைக்கழகம், மேற்படிப்புக்கு வந்தவரிடம் 3.0 கேட்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் புரொபேஷன், அதாவது சோதனைக் காலம். ஒன்றிரண்டு செமஸ்டருக்குள் மீண்டும் ஏறிவிட வேண்டும். இல்லாவிட்டால் படிப்பை விட்டுப் போக வேண்டியதுதான். இந்த விதியின் கடுமை கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். முதல் செமஸ்டரில் மூன்று பாடம் எடுத்து மூன்றிலும் 'சி' வாங்கியவரின் சராசரி 2.0. அடுத்த செமஸ்டரில் மூன்றிலும் 'ஏ' வாங்கினால்தான் அவர் 3.0ஐத் தொடுவார். ஒன்றில் 'பி' வந்தாலும் கோட்டுக்குக் கீழேதான். வகுப்பின் கடைசியில் நின்றவர், சும்மா நிலைத்து நிற்பதற்கே வகுப்பின் முதல் வரிசைக்கு வந்தாக வேண்டும். பல இடங்களில் இதே வேளையில் அசிஸ்டன்ட்ஷிப் என்ற ஊதியப் பணியும் கைவிட்டுப் போகிறது. அதோடு சேர்ந்து கட்டணச் சலுகையும் போகிறது. தமிழ்நாட்டிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் போன பிள்ளைக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. முறைப்படி அனுமதி வாங்கி விலகினால் நாட்டைவிட்டுக் கிளம்ப 15 நாள் அவகாசம். மாணவர் என்ற நிலையையே இழந்துவிட்டால் அந்த அவகாசமும் கிடையாது.

இவ்வளவு பாரத்தைச் சுமக்கும் அந்தத் தவணைக்காலம் எந்த அறத்தின் மேல் நிற்கிறது? நிறுவனம் மனமிரங்கிக் கொடுக்கும் சலுகையா, கொடுத்தே தீர வேண்டிய கடனா? சலுகை என்றால் எப்படிக் கொடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கடன் என்றால் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று கேட்க மாணவருக்கு உரிமை உண்டு. இது கடன்தான் என்பது என் வாதம். ஒருவரைச் சோதிக்கிறவர், சோதிக்கும் அந்தச் செயலாலேயே தானும் சில பொறுப்புகளுக்குக் கட்டுப்படுகிறார். அந்தப் பொறுப்புகள் இல்லாத புரொபேஷன், வெளியேற்றத்தைச் சில மாதம் தள்ளிப்போடுவது மட்டுமே.

முதலில், தரத்தை மதிப்பிடுவது அளப்பதுபோல் அவ்வளவு நிச்சயமானதல்ல. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்த்த ஹோரோவிட்ஸ் வழக்கு இதற்கு நல்ல சான்று. மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி மருத்துவக் கல்லூரியில் 1971இல் சேர்ந்த ஒரு மாணவியின் மருத்துவமனைப் பயிற்சி பற்றிப் பேராசிரியர்கள் சிலர் அதிருப்தி தெரிவித்தார்கள். வருகை சீராக இல்லை, நோயாளிகளிடம் பழகும் முறை சரியில்லை, தன் தூய்மையில் கவனம் போதாது என்றெல்லாம் குறைகள் எழுந்தன. புரொபேஷனில் வைத்து அவரை இறுதி ஆண்டுக்கு அனுப்பினார்கள். பிறகு, வெளியே தொழில் செய்யும் ஏழு மருத்துவர்களிடம் பயிற்சி பெறவும், அவர்கள் அவரை மதிப்பிடவும் ஏற்பாடு நடந்தது. ஏழு பேரும் பார்த்தது ஒரே மாணவியை. இருவர் குறித்த காலத்தில் பட்டம் கொடுக்கலாம் என்றார்கள். இருவர் உடனே நீக்க வேண்டும் என்றார்கள். மற்ற மூவர் இப்போது பட்டம் வேண்டாம், புரொபேஷனிலேயே வைத்து மேலும் பார்க்கலாம் என்றார்கள். கடைசியில் கல்லூரி அவரை நீக்கியது. அந்த முடிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்த ஏழு பேரில் யாரும் நேர்மையற்றவர் என்று சொல்ல முகாந்திரம் இல்லை. தேர்ந்தவர்கள் நேர்மையாகப் பார்த்தாலும் ஓர் ஆளின் தகுதி மூன்று விதமாகத் தெரியும் என்பதே இங்கே நாம் காண்பது. ஜிபிஏவில் இரண்டாம் தசம இடம் வரைக்கும் எண் இருப்பதால் இந்த நிச்சயமின்மை மறைந்துவிடுவதில்லை. எண்ணுக்குள் ஒளிந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

அந்தத் தீர்ப்பின் சாரம் இது: ஒழுங்கு நடவடிக்கையாக ஒரு மாணவரை நீக்குவதற்குத் தேவையான விசாரணை முறைகள், படிப்புத் தரம் காரணமாக நீக்குவதற்குத் தேவையில்லை. கல்வித் தரம் ஆசிரியர்களின் நிபுணத்துவத்தைப் பொறுத்தது. நீதிமன்றம் அதில் தலையிடக் கூடாது. 1985இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு எதிரான யூயிங் வழக்கில் இதே வழியில் நீதிபதிகள் ஒருமனதாக நின்றார்கள். அந்த மாணவர் தேர்வில் வாங்கியது 235. தேர்ச்சிக்கு வேண்டியது 345. அதே தேர்வில் தவறிய வேறு மாணவர்களுக்கு மறுதேர்வு கொடுத்த நிறுவனம், இவருக்குக் கொடுக்கவில்லை. அவருடைய படிப்பு வரலாறு முழுவதையும் பார்த்து எடுத்த முடிவு என்பதால் அது செல்லும் என்றது நீதிமன்றம். நீதிமன்றம் ஒதுங்கி நின்றதை நான் குறை சொல்லவில்லை. ஒரு நீதிபதி வேதியியல் விடைத்தாளைத் திருத்த முடியாது. ஆனால் சட்டம் ஒதுங்கிக்கொண்ட இடத்தில் அறத்தின் பாரம் கூடுகிறது. கேட்க யாரும் இல்லாத அதிகாரம் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். நிபுணர் என்பதால் கிடைத்த சுதந்திரத்தை, நிபுணர் என்பதாலேயே வரும் பொறுப்பிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

அந்தப் பொறுப்பு என்ன என்று தேடினால், சோதனைக் காலம் என்ற ஏற்பாட்டோடு பல்கலைக்கழகங்களைவிட நீண்ட பழக்கமுள்ள துறவு மடங்களிடம் பதில் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த மடத்து ஒழுங்கின் 58ஆம் அத்தியாயம், புதிதாக வருபவரை எப்படிச் சோதிப்பது என்று விரிவாகச் சொல்கிறது. எளிதில் உள்ளே விடாதே என்கிறது. கடினங்களை ஒளிக்காமல் முன்கூட்டியே சொல் என்கிறது. இரண்டு மாதம் கழித்து ஒழுங்கு முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடியும். இன்னும் நான்கு மாதம் கழித்து மூன்றாம் முறையும். எதற்கு உட்படுகிறோம் என்று தெரியாமல் யாரும் அகப்பட்டுக்கொள்ளக் கூடாது என்பதுதான் நோக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆன்மாக்களை வென்றெடுக்கும் பக்குவமுள்ள மூத்த துறவி ஒருவர் அவருக்கென்றே அமர்த்தப்படுகிறார். பௌத்தத் துறவிகளுக்கான விதித்தொகுப்பான வினயத்திலும் பெரிய குற்றம் செய்து அதை மறைத்த பிக்குவுக்குப் பரிவாசம் என்ற சோதனைக் காலம் உண்டு. எத்தனை நாள் மறைத்தாரோ அத்தனை நாள். அதன் பின் ஆறு நாள் மானத்தம் என்ற பிராயச்சித்தம். கடைசியில் குறைந்தது இருபது பிக்குகள் கூடிய சங்கம் அவரை மீண்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். படிப்பில் பின்தங்குவது குற்றம் அல்ல. குற்றத்துக்கே தெளிவான விதி, எண்ணப்பட்ட நாட்கள், வெளிப்படையான மீட்பு ஆகிய மூன்றும் கிடைக்கும்போது, குற்றமே செய்யாதவருக்கு அவற்றைக் குறைத்துக் கொடுப்பதை எப்படி நியாயப்படுத்துவது?

இங்கே திருக்குறளையும் நேர்கொண்டு பார்க்க வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றிய 'தெரிந்து தெளிதல்' அதிகாரம், ஆராயாமல் ஒருவரை ஏற்பதைக் கண்டித்து, அதே மூச்சில், ஏற்ற பின் அவரைச் சந்தேகிப்பதையும் கண்டிக்கிறது. அப்படியானால் புரொபேஷன் என்பதே குறளுக்கு எதிரானது அல்லவா? குறள் பேசுவது வேலையை ஒப்படைக்கும் அரசனைப் பற்றி. மாணவரிடம் நிறுவனம் வைக்கும் நம்பிக்கை வேறு வகை. இவருக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி யாரும் மாணவரைச் சேர்ப்பதில்லை. இங்கே இருந்தால் கற்றுக்கொள்வார் என்று நம்பியே சேர்க்கிறார்கள். மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதங்கள், நோக்கக் கட்டுரை எல்லாவற்றையும் ஆராய்ந்து பார்த்து, முடியும் என்று சொன்னது நிறுவனம்தான். அந்த வாக்கை நம்பி ஒரு குடும்பம் கல்விக் கடன் வாங்குகிறது. கற்றல் நடக்கவில்லை என்றால் சந்தேகத்துக்கு உரியவை இரண்டு: மாணவரின் உழைப்பு, நிறுவனத்தின் கணிப்பும் கற்பிப்பும். ஒன்றை மட்டும் கூண்டில் ஏற்றி மற்றதை நீதிபதி இருக்கையில் உட்காரவைப்பது நியாயம் ஆகாது.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, தரம் மாணவருக்காக மட்டும் இல்லை என்பது. தேறாத மருத்துவரிடம் நாளை போய்ப் படுப்பவர் வேறொருவர். தவறான கணக்கில் கட்டிய பாலத்தில் நடப்பவரும் வேறொருவர். அவர்களிடம் கேட்காமல் நாம் இரக்கம் காட்ட முடியாது. இதை நான் முழுமனதாக ஏற்கிறேன். கோட்டை இறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கோட்டை அடைய உண்மையான வழியைக் கொடுக்கச் சொல்கிறேன். உண்மையில் கோட்டைக் குலைப்பது வழிகாட்டல் இல்லாத புரொபேஷன்தான். என்ன செய்வதென்று தெரியாத மாணவர், எண்ணை ஏற்றுவதற்காக எளிய பாடங்களைத் தேடி எடுப்பார். 3.0 வந்துவிடும், அறிவு வந்திருக்காது. நாளைய நோயாளிக்கு அந்த எண்ணால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

இரண்டாவது மறுப்பு சமத்துவம் பற்றியது. ஆளுக்கு ஆள் பார்த்து நடத்தினால், முதல் முறையிலேயே தேறியவருக்கு அநீதி அல்லவா? அரிஸ்டாட்டில் 'நிக்கோமாக்கிய அறவியல்' ஐந்தாம் நூலில் இதை எடுத்துக்கொள்கிறார். சட்டம் பொதுவாகத்தான் பேச முடியும். வாழ்க்கையோ தனித்தனியாக வருகிறது. பொதுவிதி தவறவிட்டதைச் சரிசெய்வதும் நீதியின் பகுதியே என்கிறார் அவர். லெஸ்போஸ் தீவின் கட்டடக்காரர்கள் கல்லின் வடிவத்துக்கு வளைந்து கொடுக்கும் ஈய அளவுகோலை வைத்திருந்ததை உதாரணம் காட்டுகிறார். புத்தரின் கடைசிச் சீடரான சுபத்தர் கதையிலும் இதே தெளிவு. வேறு சமயத்திலிருந்து வருபவருக்கு நான்கு மாதச் சோதனைக் காலம் என்பது விதி. நான்கு ஆண்டு என்றாலும் இருக்கிறேன் என்றார் சுபத்தர். ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு என்பதை அறிந்த புத்தர், அவரை உடனே சங்கத்தில் சேர்க்கச் சொன்னார். விதியும் நின்றது, விலக்குக்குக் காரணமும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காரணம் சொல்லாத விலக்குதான் அநீதி. தாய் இறந்த செமஸ்டரில் விழுந்தவருக்கும் வகுப்புக்கே வராதவருக்கும் ஒரே கடிதம் அனுப்புவது சமத்துவம் ஆகாது. பார்க்க மறுப்பது அது.

மூன்றாவது மறுப்பு: இவர்கள் வயது வந்தவர்கள், கைப்பிடித்து நடத்துவது அவர்களை அவமதிப்பது, தேறாதவரை இழுத்துக்கொண்டே போவது அவருடைய ஆண்டுகளையும் பணத்தையும் வீணாக்குவது. இதில் பாதி உண்மை. இந்தப் படிப்பு உனக்கு ஒத்துவரவில்லை என்று காலத்தில் சொல்வது பெரிய உதவி. ஆனால் அப்படிச் சொல்ல வேண்டுமானால் அந்த மாணவரைத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். தானாக உருவாகும் மின்னஞ்சலுக்கு அந்த உரிமை கிடையாது. பெனடிக்டின் மடத்தில் புதியவர் விலகிப்போகலாம். ஆனால் அவருடைய ஆண்டு முழுவதையும் கூடவே இருந்து பார்த்தவர் ஒருவர் அங்கே இருப்பார். வயது வந்தவரை மதிப்பது என்றால், உண்மையை முகத்துக்கு நேரே சொல்லி, அதைக் கேட்டு முடிவெடுக்கப் போதிய நேரம் கொடுப்பது.

ஆகவே புரொபேஷனில் வைக்கும் துறை நான்கு கடன்களைத் தீர்க்க வேண்டும். எந்தத் திறன் குறைகிறது என்று கடிதத்தில் எண்ணோடு நிறுத்தாமல் சொல்ல வேண்டும். கணக்கால் எட்ட முடியாத இலக்கை வைத்துவிட்டு அதற்கு வாய்ப்பு என்று பெயரிடக் கூடாது. பெயர் சொல்லி ஓர் ஆசிரியரை அந்த மாணவருக்குப் பொறுப்பாக்கி, தவணை முடிவில் மாணவர் என்ன செய்தார் என்று கேட்கும்போதே, அந்த ஆசிரியர் என்ன செய்தார் என்றும் கேட்க வேண்டும். ஏறி வந்தவருக்கு, முடிந்தது, நீங்கள் மீண்டும் எங்களில் ஒருவர் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இவை எல்லாவற்றையும் செய்த பிறகும் ஒருவர் தேறாமல் போகலாம். அப்போது அவரை அனுப்பிவைக்கும் துறைக்கு, தன் பங்கை முடித்துவிட்டோம் என்று சொல்லும் தகுதி இருக்கும். அந்தத் தகுதியைச் சம்பாதிக்காமல் வெளியேற்றக் கடிதத்தில் கையெழுத்திடுகிறவர், மாணவரின் தோல்வியோடு தன் தோல்வியையும் சேர்த்தே அதில் பதிவுசெய்கிறார்.