பெயர்த்து நட்ட தலைநகர்

பாரசீகத்தை ஆண்ட பார்த்தியர்களிடம் பிணைக்கைதியாக இருந்த திக்ரான், எழுபது பள்ளத்தாக்குகளை விலையாகக் கொடுத்து, கி.மு. 95 வாக்கில் ஆர்மீனிய அரியணை ஏறினார். கொடுத்ததைப் பிறகு மீட்டார், கி.மு. 83இல் சிரியாவும் அவர் கைக்கு வந்தது. ஆர்மீனியா அவ்வளவு பரந்து கிடந்த காலம் வேறு இல்லை. ரோமின் எதிரியான மாமனார் மித்ரிதாதிஸைப் பிடித்துக் கொடுக்கும்படி ரோம் மிரட்டியபோது, போரே வந்தாலும் வரட்டும் என்று மறுத்த பெருமையும் அவருக்கு உண்டு.

அதே மன்னர்தான் திக்ரானகெர்த் என்ற புதிய தலைநகரையும் எழுப்பினார். குடியேற்ற ஆட்கள்? கப்படோசியாவிலிருந்து 3,00,000 பேரைக் கொண்டுவந்தார் என்கிறார் அப்பியன். பன்னிரண்டு கிரேக்க நகரங்களைக் காலிசெய்தார் என்கிறார் ஸ்திராபோ. இருவரும் ரோமின் நிழலில் எழுதியவர்கள், எண்ணைக் கூட்டியிருக்கலாம். ஊர் ஊராக மக்களைப் பெயர்த்தது மட்டும் பொய்யல்ல.

புதிய நகரில் நாடகமும் வணிகமும் தழைக்கத்தானே அப்படிச் செய்தார் என்று கேட்பவர்கள் உண்டு. எளிதில் தள்ளிவிட முடியாத கேள்வி இது. 1604இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஜூல்ஃபா ஊர் ஆர்மீனியர்களை இதே போல் இஸ்ஃபஹானுக்கு விரட்டிக் கொண்டுபோனார். வழியில் பலர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் கட்டிய புதிய ஜூல்ஃபா உலக வணிகத்தில் கொடிகட்டிப் பறந்தது. அதன் வணிகர்கள் சென்னைவரை வந்தார்கள். அரண்மனைக்காரன் தெருவில் அவர்களுடைய தேவாலயம் இன்றும் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் இந்த ஊரில்தான் அச்சானது.

ஆனால் அந்தச் செழிப்பு யாருடையது? வேர் அறுந்த பிறகும் உழைத்தவர்களுடையது. அதை ஷா அப்பாஸின் கணக்கில் வரவு வைப்பது அநியாயம். திக்ரானுக்கும் அதே நியாயம்தான் பொருந்தும்.

குடியேற்றப்பட்டவர்களின் மனம் கி.மு. 69இல் தெரிந்தது. ரோமானியத் தளபதி லுக்குல்லஸ் திக்ரானகெர்த்தை முற்றுகையிட்டபோது, நகருக்குள் இருந்த கிரேக்கர்களே எதிரிக்கு வழிவிட்டார்கள். லுக்குல்லஸும் புனிதரல்ல. கருவூலத்தைத் தன்வசம் எடுத்துக்கொண்டு, நகரைத் தன் வீரர்கள் சூறையாட விட்டார். ஆயினும் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட மக்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பிவைத்தார்.

மூன்று ஆண்டுகளில் திக்ரான் மற்றொரு ரோமானியத் தளபதியான பாம்பேயிடம் பணிந்தார். 6,000 தாலந்து கொடுத்து, சுருங்கிய நாட்டைச் சாகும்வரை ஆண்டார்.

ஆர்மீனியர்கள் அவரை 'மகா' என்று அழைக்கட்டும். சிறிய நாட்டுக்கு அந்த நினைவு பெரும் பலம். ஆனால் அவர் வென்ற நிலங்களின் வரைபடம் அச்சாகும் பாடநூலில், அவர் பெயர்த்த கப்படோசியர்களும் கிரேக்கர்களும் அதே பக்கத்தில் இடம்பெற வேண்டும்.