சொல்லிட்டேன், அவ்வளவுதானா?

"நான்தான் சொல்லிட்டேனே, அதுக்கு மேல அவங்க பொறுப்பு." இந்த வார்த்தையைச் சொல்லாதவர் நம்மில் யாராவது உண்டா? நானும் சொல்லியிருக்கிறேன். என் கதைக்கு வருவதற்கு முன் ஜோ பட்டர்னோ என்ற அமெரிக்கக் காற்பந்துப் பயிற்றுநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் திடலில் உதைத்து விளையாடுகிறோமே, அந்தக் காற்பந்து இல்லை. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடுவார்களே, அந்த விளையாட்டு.

பட்டர்னோ 1926-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தார். சட்டம் படிக்கப் போக இருந்தவர், 1950-இல் பென்சில்வேனியாவிலுள்ள பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்றுநராகச் சேர்ந்து, அங்கேயே தங்கிவிட்டார். 1966 முதல் 2011 வரை தலைமைப் பயிற்றுநர். 409 வெற்றிகள், 1982-லும் 1986-லும் தேசிய வெற்றியாளர் பட்டம். ஆட்டக்காரன் முதலில் மாணவன், படிப்பை விடக்கூடாது என்பது அவர் கொள்கை. அணிதான் பெரிது என்பதால் சட்டையின் முதுகில் ஆட்டக்காரரின் பெயர்கூட இருக்காது. அவரும் மனைவியும் பல்கலைக்கழகத்துக்கு மில்லியன் கணக்கில் நன்கொடை கொடுத்தார்கள். அங்குள்ள நூலகத்துக்கு அவர்கள் குடும்பப் பெயர் வைக்கப்பட்டது.

2001 பிப்ரவரியில் ஓர் இளம் உதவியாளர் அவர் வீட்டுக்கு வந்தார். ஜெரி சேண்டஸ்கி என்ற முன்னாள் உதவிப் பயிற்றுநர், அணிக் கட்டடத்தின் குளியலறையில் ஒரு சிறுவனிடம் தகாத முறையில் நடந்துகொண்டதைப் பார்த்ததாகச் சொன்னார். பட்டர்னோ அதை மறைக்கவில்லை. தன் மேலதிகாரியான விளையாட்டுத் துறை இயக்குநரிடம் சொன்னார். அதோடு சரி. மேலே இருந்தவர்கள் போலீசுக்குத் தெரிவிக்கவில்லை. பட்டர்னோவும் விடாமல் கேட்கவில்லை. அதே 2001-இல்தான் அரங்கத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்தார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2011 நவம்பரில் சேண்டஸ்கி கைதானார். 2012-இல், பத்துச் சிறுவர்கள் தொடர்பான 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பானது. அந்தப் பத்துப் பேரில், 2001-க்குப் பிறகு பாதிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். பட்டர்னோமீது வழக்கு இல்லை. ஆனால் பல்கலைக்கழகம் அவரைத் தொலைபேசியில் பதவிநீக்கம் செய்தது. இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாம் என்று அவரே வருந்தினார். 2012 ஜனவரியில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். அந்த ஆண்டே சிலையை எடுத்துவிட்டார்கள். நூலகத்தின் பெயரை மாற்றவில்லை.

"பாவம் மனுஷன், முறைப்படிதானே நடந்துகிட்டார்?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். காதில் விழுந்ததையெல்லாம் நாமே விசாரித்துத் தண்டிக்கக் கிளம்பினால் நிரபராதிகளும் மாட்டிக்கொள்வார்கள். நடந்து முடிந்த பிறகு பத்தாண்டுகள் தள்ளி நின்று குற்றம் சொல்வதும் சுலபம். ஆனால் "நான் சொன்னது என்ன ஆச்சு? போலீசுக்குப் போச்சா? அந்தப் பையன் யார்னு யாராவது தேடினீங்களா?" என்று கேட்பது எந்த முறையையும் மீறுவதாகாது. அந்த ஊரில் அவர் கேட்டால் யாரும் பதில் சொல்லாமல் இருந்திருக்க முடியாது. செல்வாக்கு கூடக் கூட, "மேலே சொல்லிட்டேன்" என்ற சாக்கு மெலிந்துகொண்டே போகிறது.

இப்போது என் கதை. போன வருடம் தொழில்துறைப் பயிற்சிக்காக ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். அங்கே ஒரு பிரஸ் இயந்திரம். அதன் பாதுகாப்புக் கதவைத் திறந்தால் இயந்திரம் தானாக நிற்க வேண்டும். கதவு திறந்திருந்தாலும் ஓடும்படி, அந்தச் சுவிட்சை யாரோ கம்பியால் கட்டிவைத்திருந்தார்கள். "அண்ணே, கை போயிடும்ணே" என்றேன். "டார்கெட் இருக்கு தம்பி" என்று சிரித்தார் இயக்குபவர். நான் சூப்பர்வைசரிடம் சொன்னேன். தலையாட்டினார். மூன்று வாரத்தில் பயிற்சி முடிந்தது. கம்பி அப்படியே இருந்தது. நான் அறிக்கை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்தக் கம்பியைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

நான் பட்டர்னோ இல்லை, வெறும் பயிற்சி மாணவன், என் பேச்சு எங்கே எடுபடும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அதிகாரம் குறைவுதான். ஆனால் இரண்டாவது முறை கேட்க அதிகாரம் எதற்கு? கூச்சத்தை விட்டாலே போதும். சொல்லும்போது என் மனப்பாரம் இறங்கியது. அந்த அண்ணனின் கைக்கு இருந்த ஆபத்து இறங்கவில்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்ததுதான் என் தவறு.

நம்மில் பலர் வார இறுதி வகுப்பு எடுக்கிறோம், முகாமில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறோம். ஒரு பிள்ளை நம்மை நம்பி ஏதாவது சொன்னால், பொறுப்பாளரிடம் சொல்வது முதல் படி. அடுத்த வாரம் போய் "என்ன செஞ்சீங்க?" என்று கேட்பது இரண்டாவது படி. பதில் சரியில்லை என்றால் போலீசுக்கோ சமூகநலத் துறைக்கோ போக வேண்டும். யார் மனம் கோணும் என்று பார்க்கக்கூடாது.

போன மாதம் அந்த அண்ணனுக்குப் போன் செய்தேன். "அப்படியேதான் ஓடுது தம்பி" என்றார். அன்றிரவே தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடி கேட்கப் போகிறேன்.