உணவும் அளவும்

உண்பனவற்றைக் கலோரிக் கணக்கால் அளந்துண்டல் இக்காலத்துப் பரவிய வழக்கு. ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை சூடேற்றும் வெப்பமே உணவுக்கணக்கிற் கலோரி எனப்படுவது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறிஞர் ஆட்வாட்டர் உணவின் வெப்பத்தை ஆய்ந்து அளந்தார். 1918-இல் லூலு ஹண்ட் பீட்டர்ஸ் என்னும் பெண் மருத்துவர் வெளியிட்ட நூல், அக்கணக்கை உடல் மெலிவிக்கும் நெறியாகப் பரப்பிற்று.

அக்கணக்கைப் பொய்யென்று யாம் கூறேம். அஃது உணவின்கண் உள்ள தீயை அளப்பது; உண்பான் வயிற்றுத் தீயை அறியாது. 'மருந்து' அதிகாரத்து வள்ளுவனார் அளவென்றது பின்னதனையே. முன்னுண்டது செரித்தமை தேர்தல், நன்கு பசித்தல், மாறுபடாதன கோடல் என்னும் இவை யாவும் உண்பான் தானே உணர்தற்குரியன.

அற்றேல், நாவின் வேட்கையைப் பசியென மயங்குதல் கூடுமன்றோ எனின், கூடும். ஆயினும் பசி எளிய உணவையும் ஏற்கும். வேட்கை இன்னதே வேண்டுமென்னும். பசி நிறைந்துழி அடங்கும். வேட்கை நிறைந்த பின்னும் நீளும். இவ்வேறுபாட்டைத் தேர்ந்தறிதலே பயிற்சி. கணக்கு அத்தேர்ச்சியைத் தாராது.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது நம் சித்தாந்தம். கவளந்தோறும் கணக்கையே நினைவான் உணவைக் குறைத்தும் அதனைவிட்டு நீங்கினானல்லன். நாள் முழுதும் அதனையே சார்ந்தான். நோன்பிருந்து பாரணையையே எண்ணியிருப்பார்க்கும் இஃதொக்கும்.

நோயுற்றார் மருத்துவர் விதித்த அளவைக் கைக்கொள்ளல் கடன். ஏனையோர் பசித்துண்டு, வயிற்றிற் சிறிது இடமிருக்கக் கையெடுத்து, அடுத்த பசிவரை உணவை மறந்திருப்பாராக. ஊண் உடம்பிற்கு, உடம்பு இறைபணிக்கு. உணவை மறந்து பணிசெய்தற்கே உண்கின்றோம் என்க.