பார்க்காமல் இட்ட கையொப்பம்



புதிய கார் வாங்கும்போது அதில் குறை காணப்பட்டால் என்ன செய்வது என்பது வாணிபக் கேள்வி. அதற்கும் அறத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றியது. அந்நிகழ்ச்சியில் என் தவறும் கலந்துள்ளது. ஆதலின் அதனை மறைக்காமல் எழுதுவதே முறை.

திண்டுக்கல்லில் பணிபுரியும் என் மகளும் மருமகனும் 2022-ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு கார் வாங்கினர். பல ஆண்டுச் சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்து வாங்கியது அது. நல்ல நாள் பார்த்து, மாலையில் விற்பனை நிலையத்திற்குச் சென்றோம். வண்டிக்கு மாலை, எங்களுக்குச் சந்தனம், கையில் பிடித்துக்கொள்ளப் பெரிய அட்டைச் சாவி, நிழற்படம் என்று எல்லாம் சிறப்பாக நடந்தன. இறுதியில் ஓர் இளைஞர் ஒரு படிவத்தை நீட்டினார். முப்பதுக்கு மேற்பட்ட வரிகள். ஒவ்வொன்றின் எதிரிலும் 'சரி' என்று முன்பே குறியிடப்பட்டிருந்தது. அடியில், வாகனத்தை நன்கு பார்வையிட்டுக் குறையின்றிப் பெற்றுக்கொண்டதாக ஒரு வாசகம்.

"இன்னும் சுற்றிப் பார்க்கவில்லையே, அம்மா" என்று மகள் தயங்கினாள். "நல்ல நேரம் போகிறது. புது வண்டியில் என்ன பார்க்க இருக்கிறது? கையெழுத்துப் போடு" என்று சொன்னவள் நான்தான்.

மறுநாள் காலை வெயிலில் வண்டியைப் பார்த்தபோது, பின்புற இடக் கதவின் நிறம் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. அக்கதவின் ரப்பர்ப் பட்டை ஓரத்தில் சாயத் துளிகள் படிந்திருந்தன. தொழிற்சாலையில் உடற்கூட்டிற்குச் சாயம் பூசிச் சூளையில் உலர்த்திய பிறகே ரப்பரையும் கண்ணாடியையும் பொருத்துவார்கள். ரப்பரின் மேல் சாயம் இருந்தால் பின்னர் எவரோ மறுபூச்சுப் பூசியிருக்கிறார் என்று பொருள். இதனை அண்டை வீட்டு மெக்கானிக் விளக்கினார்.

அன்று எங்கள் வீட்டில் மூன்று வழிகள் பேசப்பட்டன.

மருமகன் மிகுந்த சினம் கொண்டார். "கதவை மட்டும் சொன்னால் மதிக்கமாட்டார்கள், அத்தை. என்ஜினிலும் சத்தம் வருகிறது என்று சேர்த்து எழுதுவோம். அப்போதுதான் வண்டியையே மாற்றித் தருவார்கள்" என்றார். என்ஜினில் எந்தச் சத்தமும் இல்லை.

மகளோ, "போகட்டும் விடுங்கள். ஓடுவதற்குத் தடையில்லையே. பொறுத்துக்கொள்வதும் ஓர் அறந்தானே" என்றாள்.

மாலையில் அந்த இளைஞர் வீட்டுக்கே வந்தார். "எழுத்தில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அம்மா. என் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். நானே எப்படியாவது மெருகு போட்டுத் தருகிறேன்" என்று கெஞ்சினார். அவருடைய குரலைக் கேட்டபின் எனக்கும் மனம் இளகியது. எழுதாமலே விட்டுவிடலாமா என்று தோன்றிற்று.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆசிரியப் பணியில் இருந்த காலம் முழுவதும், வராத குழந்தைக்கு வருகை குறித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவள் நான். ஆய்வாளர் வரும் நாளிலும் பதிவேட்டில் பொய் எழுதேன் என்று நின்றவள். அத்தகைய நான், பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக என் மகளைக் கையொப்பமிடச் செய்தேன்.

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களையும் அவற்றிற்கு மாசு சேர்க்கும் அதிசாரங்களையும் வகுத்துக் கூறுவதை நம் வாசகர்கள் அறிவர். வாய்மை விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்று கூடலேகக் கிரியை. அதாவது பொய்யான எழுத்து. கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று பிரதிரூபக வியவகாரம். அதாவது ஒன்றைப் போன்ற மற்றொன்றை அதுவெனக் கொடுத்தல். இவற்றை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். பழுதுபார்த்த கதவைப் புதியதெனக் கொடுத்தவர் பிரதிரூபக வியவகாரம் செய்தார் என்பது எனக்கு உடனே விளங்கியது. பார்க்காமல் 'பார்த்தேன்' என்று எழுதித் தந்த நாங்கள் கூடலேகம் செய்தோம் என்பது விளங்க ஓரிரவு ஆயிற்று. அவருடைய மறைப்பு நிலைபெற எங்கள் கையொப்பமே துணையாக நின்றது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். குறை வேறு, மறைப்பு வேறு. மனிதர் செய்யும் எப்பொருளிலும் குறை நேரும். தொழிற்சாலையிலிருந்து கார்கள் பெரிய லாரிகளில் ஏற்றப்பட்டு, பல நூறு கிலோமீட்டர் வந்து, கிடங்கில் வாரக்கணக்கில் நின்று, பிறகே நம்மிடம் வருகின்றன. இடையில் ஒரு கீறல் விழுவது எவருடைய பாவமும் அன்று. அதனைச் சொல்லாமல் பூசி மறைப்பதே பிழை. 2015-ஆம் ஆண்டில் ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தின் டீசல் கார்கள் உலகையே அதிரவைத்தன. சோதனைக் கூடத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை அவற்றில் வைத்திருந்தனர். உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 இலட்சம் கார்களில் அது இருந்ததாக அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. புகை மிகுதியாக வந்தது குறை. அதை மறைக்கக் கருவி வைத்தது வஞ்சனை. உலகம் பெரிதும் கடிந்தது வஞ்சனையைத்தான்.

இதற்கு நேர்மாறான சான்று நம் மாவட்டத்திலேயே உள்ளது. பழனிக்கு அருகே ஐவர்மலையில் கி.பி. 870-ஆம் ஆண்டைச் சேர்ந்த, வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்றுண்டு. சாந்திவீரக் குரவர் என்னும் சமணப் பெரியார் பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுக்கியதையும், வழிபாட்டிற்காக 505 காணம் அளித்ததையும் அது கூறுகிறது. அவர் புதிதாகச் செய்ததாகக் கூறிக்கொள்ளவில்லை. பழையதைப் புதுக்கியதாகவே பொறித்து வைத்தார். பழுதுபார்த்ததைப் பழுதுபார்த்ததென்று சொல்வதில் இழிவு ஏதுமில்லை என்பதற்கு, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கல் சான்று பகர்கிறது.

இனி, எங்கள் வீட்டில் பேசப்பட்ட மூன்று வழிகளையும் நோக்குவோம். இல்லாத என்ஜின் குறையைச் சேர்த்து எழுதுவது, வஞ்சிக்கப்பட்டவர் தாமும் வஞ்சகராவது. பேசாமல் பொறுப்பது பொறுமைபோல் தோன்றும். ஆனால் நாம் பொறுப்பது நமக்கு நேர்ந்த இழப்பை மட்டுமே. நாளை வேறொரு குடும்பத்திற்கும் அவ்வாறே நேருமாயின், அதைப் பொறுக்கும் உரிமை நமக்கில்லை. மூன்றாவதாகிய இளைஞரின் வேண்டுகோளே எனக்குக் கடினமாக இருந்தது. ஓர் ஏழை ஊழியருக்குத் துன்பம் விளைப்பது அகிம்சை ஆகுமா? நெடுநேரம் எண்ணியபின், அவரைக் காப்பதற்கு உண்மையை மறைக்க வேண்டியதில்லை, உண்மையை முழுவதுமாக எழுதினால் போதும் என்று தெளிந்தேன். அரைகுறையாக எழுதினால்தான் பழி எளியவர் தலையில் விழும்.

மறுநாள் மூவரும் அமர்ந்து கடிதம் எழுதினோம். கண்ட குறையை மட்டும் எழுதினோம். மாலை விளக்கொளியில் பார்க்காமலே கையொப்பமிட்டது எங்கள் பிழை என்றும் எழுதினோம். சோதனைப் படிவத்தில் உள்ள கையொப்பம் அவ்விளைஞருடையதன்று. ஆகவே அவர்மேல் சுமத்தலாகாது என்றும் எழுதினோம். கதவுக்கு எப்போது, எதற்காக மறுபூச்சுப் பூசப்பட்டது என்பதை எழுத்தில் தருமாறு கேட்டோம்.

ஒரு வாரம் கழித்து மேலாளர் வந்தார். லாரியிலிருந்து இறக்கும்போது கதவு உராய்ந்தது, அதனைப் பட்டறையில் பூசினோம் என்று ஒப்புக்கொண்டு எழுதித் தந்தார். ஒரு தொகையைத் திருப்பித் தரவும் இசைந்தார். வண்டியையே மாற்றித் தரக் கேட்டிருக்க வேண்டும் என்று மருமகன் இன்றும் கூறுவார். அவர் கூற்றிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதற்குள் வண்டி எங்கள் பெயரில் பதிவாகிவிட்டது. திருப்பிக் கொடுத்தால் அது இரண்டாங்கை வண்டியாகிவிடும். எங்கள் அவசரத்திற்கு அவர்களும் விலை கொடுக்க நேரும்.

சட்டமும் இத்தகைய அளவறிதலையே நாடுகிறது. குறைபட்ட உறுப்பை மாற்றித் தருவதே உத்தரவாதத்தின் நிபந்தனையாக இருக்கும்போது முழுக் காரையும் மாற்றித் தருமாறு ஆணையிடுவது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் கூறியது. கோவாவில் 2009-ஆம் ஆண்டு செய்யப்பட்ட காரை 2011-ஆம் ஆண்டுக் காரெனப் புதிதாக விற்ற வழக்கில், 2021-ஆம் ஆண்டு அதே நீதிமன்றம், தவறு செய்த விற்பனையாளரே பொறுப்பாவார், தவறு தெரியாத உற்பத்தியாளர்மேல் அதைச் சுமத்தலாகாது என்று தீர்ப்பளித்தது. எவர் செய்தாரோ அவருக்கே, எவ்வளவு செய்தாரோ அவ்வளவே என்பதுதான் நீதி.

நம் வாசகர்களுக்கு, சிறப்பாகப் பிள்ளைகளுக்கு வண்டி வாங்கித்தரும் பெற்றோருக்கு, நான் கற்றதைக் கூறுகிறேன். வாகனம் பதிவாவதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில் சென்று பாருங்கள். விற்பனைச் சான்றாகிய படிவம் 21-இல் உற்பத்தி செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் இருக்கும். அதிலுள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்துள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கதவு இடுக்குகள், கண்ணாடிகள், ரப்பர் ஓரங்கள், விளக்குகள் அனைத்தையும் பாருங்கள். குறை இருந்தால் படிவத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டு, நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இது விற்பவரை ஐயுறுவது ஆகாதா என்று கேட்கலாம். திண்டுக்கல் பூட்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அத்துணைப் புகழ் வாய்ந்த பூட்டை வாங்குபவரும் சாவியை நான்கைந்து முறை திருப்பிப் பார்த்த பின்னரே காசு கொடுக்கிறார். எந்தக் கடைக்காரரும் அதற்காக முகம் சுளிப்பதில்லை. சில நூறு ரூபாய்ப் பூட்டுக்கு நாணாத நாம், பல இலட்ச ரூபாய் வண்டிக்கு ஏன் நாண வேண்டும்?

பேசித் தீராவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, நாம் வாழும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம்; பொருள் எங்கு வாங்கியிருந்தாலும் தடையில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடவும் இயலும்.

எங்கள் கதையின் முடிவையும் கூறிவிடுகிறேன். 2025-ஆம் ஆண்டில் மருமகனுக்குப் பணிமாற்றம் வந்தது. அந்த வண்டியை விற்க முடிவு செய்தனர். வத்தலக்குண்டிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். கதவின் நிறவேறுபாடு அவர் கண்ணில் படவில்லை. நான் திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், எதுவும் சொல்லவில்லை. மருமகனே உள்ளே சென்று, மேலாளர் எழுதித் தந்த கடிதத்தை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தார். வந்தவர் படித்துவிட்டு விலையில் 15,000 ரூபாய் குறைத்துக் கேட்டார், மருமகனும் இசைந்தார். அன்று என்ஜினில் சத்தம் என்று எழுதச் சொன்னவர் அவரே.

ஒன்று மட்டும் இன்னும் என் மனத்தை உறுத்துகிறது. அந்த இளைஞரின் ஊதியத்தில் பிடித்தம் செய்தார்களா இல்லையா என்பதை நான் சென்று கேட்கவில்லை. கடிதத்தில் எழுதிவிட்டோமே என்று இருந்துவிட்டேன். பின்னாளில் கேட்டபோது அவர் வேலையை விட்டுச் சென்றுவிட்டதாகக் கூறினர். பார்க்காமல் கையொப்பமிட்டது போலவே, விசாரிக்காமல் நிறைவுகொண்டதும் என் குறையே. வாசகர்கள் அக்குறையையும் தவிர்ப்பார்களாக.

அறம் வளர்க.