மட்டையடி உணர்த்தும் மாண்பொருள்

பங்குனி உத்திர நன்னாளில் திருவரங்கத்தில் ஸ்ரீரங்கநாச்சியார் ஸந்நிதி வாசலில் நடைபெறும் ப்ரணயகலஹ உத்ஸவத்தை மட்டையடி என்று உலகோர் வழங்குவர். அதனை ஸேவித்து மகிழ்வோர் பலர். அதன் உட்பொருளைத் தம் இல்லத்திற்குக் கொண்டு செல்வோர் சிலரே.

பங்குனி உத்ஸவத்தின் ஆறாம் நாள் நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூர் எழுந்தருளி, கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டருளுகிறார். ஒன்பதாம் நாள் பெரிய பிராட்டியை நாடி வரும்போது ஸந்நிதிக் கதவு சாத்தப்படுகிறது. மட்டையும் மலரும் அவன் மீது எறியப்படுகின்றன. கண் சிவந்ததேன், குழல் கலைந்ததேன் என்று பிராட்டியின் தரப்பில் வினா எழுகிறது. உலகைக் காக்கக் கண் விழித்ததாகவும், காற்றிலே குழல் கலைந்ததாகவும் எம்பெருமான் விடை பகர்கிறான். ஸத்யம் செய்து தரவும் முன்வருகிறான். கதவோ திறந்தபாடில்லை. முடிவில் நம்மாழ்வார் இடைநின்று ஸமாதானம் செய்தபின்னரே சேர்த்தி ஸித்திக்கிறது.

குற்றமேதுமில்லாதவனுக்கு இஃது ஒரு லீலை. ஆயினும், ஸர்வலோக நாயகன் கூறிய காரணங்களே செல்லாத வாசலில் மானிடர் கூறும் சாக்குகள் செல்லுமோ?

இந்தச் சேர்த்தியின் திருமுன்பேதான் எம்பெருமானார் சரணாகதி கத்யத்தை விண்ணப்பித்தார். முதலில் பிராட்டியைப் பற்றி, பின்னர் பெருமானைச் சரணடைந்தார். மனத்தாலும் வாக்காலும் உடலாலும் செய்தவை, செய்கின்றவை, செய்யப்போகின்றவை ஆகிய அபராதங்கள் அனைத்தையும் பொறுத்தருள வேண்டினார். அங்கே பிழைக்குக் காரணம் கூறப்படவில்லை. பிறர்மீது பழி சுமத்தப்படவுமில்லை.

கணவன் மனைவியரிடையேயும் நெறி இதுவே. “தவறுதான், ஆனால்” என்று தொடங்குமிடத்தில், அந்த “ஆனால்” என்னும் சொல்லே கதவுக்குத் தாழாகிறது. மனைவியிடம் பொறுத்தருளக் கேட்பது ஆண்மைக்கு இழுக்கென்று எண்ணுவோர், படிதாண்டாப் பத்தினியின் வாசலில் ஜகந்நாதன் நின்ற நிலையை நினைப்பாராக. பிழை செய்தவரே தேடிச் செல்லவேண்டும். இன்ன பிழை என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். நொந்தவரின் சினத்தைத் தாங்கவேண்டும். உடனே மனம் இரங்கவில்லையே என்று குறைகூறாமல் காத்திருக்கவேண்டும். அப்பிழை மீளாதபடி நடந்து காட்டவும் வேண்டும்.

இவ்வாண்டு சேர்த்தி ஸேவிக்க வந்த அன்பர்களுள், இல்லத்தில் பேச்சற்றுப் பிரிந்திருப்போர் எவரேனும் இருப்பின், ப்ரஸாதத்தோடு இந்தப் பணிவையும் எடுத்துச் செல்வாராக. திவ்யதம்பதிகளின் அருளால் அவ்வில்லத்துக் கதவும் திறக்கும்.